லெட்டர்பேடில் கருடன் இருந்தா ஆடிட்டர்னு நம்பலாமா? விதி என்ன சொல்கிறது?

தொழில் கடனுக்கு வங்கி கேட்கும் சான்று, பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கு நெட்வொர்த் சர்டிபிகேட்... விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்தில் சின்னக் கடை வைத்திருப்பவருக்கும் இன்று ஆடிட்டர் கையெழுத்து தேவைப்படுகிறது. கைக்கு வந்த தாளின் தலைப்பில் பளிச்சென்று ஒரு லோகோ. 'லோகோவே இருக்கே, அப்புறம் என்ன சந்தேகம்?' என்று நினைத்தால், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பக்கத்து ஊரில் பிறந்த சின்னம்

பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான ஐசிஏஐ 1949-ல் உருவானது. அதன் சின்னம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோட்டக்குப்பத்தை ஒட்டியுள்ள புதுச்சேரியிலிருந்துதான்! அப்போது அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. சென்னை ஆடிட்டர் சி.எஸ்.சாஸ்திரி கடிதம் எழுதிக் கேட்க, நடுவில் கருடனும் கடோபநிஷத வாசகமும் கொண்ட சின்னத்தை அரவிந்தர் கொடுத்தார் என்கிறது ஐசிஏஐ.

யார் பயன்படுத்தலாம்?

கருடன் சின்னம் ஐசிஏஐ அமைப்புக்கு மட்டுமே சொந்தம். உண்மையான ஆடிட்டரே ஆனாலும், தன் விசிட்டிங் கார்டிலோ லெட்டர்பேடிலோ அதை அச்சடிக்கக் கூடாது. ஆக, தனியார் அலுவலகத் தாளில் கருடன் இருந்தால், அது நம்பிக்கைக்கு அடையாளம் இல்லை. உஷாராக வேண்டிய அடையாளம்.

உறுப்பினர்களுக்கு என்றே தனியாக 'சிஏ' லோகோ இருக்கிறது. அதன் நிறத்தையோ வடிவத்தையோ இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் போட்டுக்கொள்ளவும் முடியாது.

நம்ம ஊர்ல கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற எல்லாரையுமே 'ஆடிட்டர்'னுதான் கூப்பிடுறோம். வரி ஆலோசகராக அந்த வேலையைச் செய்வதில் தப்பில்லை. ஆனால் உறுப்பினராக இல்லாமல் 'சிஏ' என்று போட்டுக்கொண்டால், பட்டயக் கணக்காளர்கள் சட்டம் 1949-ன் 24-வது பிரிவின்படி குற்றம். அமைப்பின் பெயரையோ முத்திரையையோ போலச் செய்து ஏமாற்றுவதை 24ஏ பிரிவு தடுக்கிறது.

வக்கீல், டாக்டருக்கு?

வழக்கறிஞர்களுக்கு இன்னும் கறார். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 36-ன்படி, பெயர்ப்பலகையிலோ லெட்டர்பேடிலோ 'சங்கத் தலைவர்', 'பார் கவுன்சில் உறுப்பினர்', 'முன்னாள் நீதிபதி' என்றெல்லாம் போடக் கூடாது. குறிப்பிட்ட வழக்குகளில் நிபுணர் என்றும் போட முடியாது. பதவியைக் காட்டி கட்சிக்காரரை இழுக்கக் கூடாது என்பதே நோக்கம்.

டாக்டர் காரிலும் மெடிக்கல் ஷாப் போர்டிலும் பார்க்கும் சிவப்பு சிலுவை, மருத்துவத்தின் பொதுச் சின்னம் இல்லை. போர்க்களத்தில் மருத்துவ உதவி செய்பவர்களைத் தாக்குதலிலிருந்து காப்பதற்கான பாதுகாப்புச் சின்னம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் 1960 தடை விதிக்கிறது.

அப்போ எதை நம்புவது?

லோகோவை யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து அச்சடித்துவிடலாம். அதனால்தான் 'யுடிஐஎன்' என்ற 18 இலக்க எண் வந்தது. சிஏ வழங்கும் சான்றிதழ்களுக்கு 2019 பிப்ரவரி 1 முதல் இது கட்டாயம். பிறகு தணிக்கை அறிக்கைகளுக்கும் கட்டாயமானது. முதல் 2 இலக்கம் ஆண்டு, அடுத்த 6 இலக்கம் அவரது உறுப்பினர் எண்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது:

* கையெழுத்துக்கு அருகில் உறுப்பினர் எண்ணும் யுடிஐஎன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஐசிஏஐ-யின் யுடிஐஎன் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். மொபைலிலேயே முடியும்.
* அங்கே வரும் விவரமும் உங்கள் தாளில் உள்ள விவரமும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள்.

வங்கியும் தூதரகமும் தாளைத் திருப்பி அனுப்பிய பிறகு அலைவதைவிட, வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது: "சார், யுடிஐஎன் போட்டிருக்கீங்களா?" உண்மையான ஆடிட்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.