ஸ்டிக்கரில் 5,000; கையேட்டில் 15,000

புத்தளம் கரையோரம் ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றில், சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் இரண்டு ஸ்டிக்கர்கள் தெரியும். ஒன்று ஜப்பானிலேயே ஒட்டியது. கடைசியாக எப்போது ஒயில் மாற்றினார்கள், அடுத்தது எப்போது என்று அதில் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரியாததால் யாரும் அதைக் கவனிப்பதில்லை, உரித்தெடுக்கவும் இல்லை. மற்றது ஊர் சேர்விஸ் நிலையத்துடையது. இன்றைய மீற்றர் கணக்கோடு 5,000 கிலோமீற்றரைக் கூட்டி, பேனாவால் எழுதி ஒட்டியிருப்பார்கள்.

காரை ஸ்டார்ட் செய்தால் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் பேசும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைச் செருகவில்லை என்று அது நினைவூட்டுகிறது. டேஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கும் கையேட்டையும் அந்தக் குரலைப் போலவே யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கையேட்டில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது ஒயில் மாற்றினால் போதும் என்பது ஜப்பானில் டொயோட்டா சொல்லும் கணக்கு.

ஐயாயிரத்துக்கும் பதினையாயிரத்துக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். அக்குவா, ப்ரியஸ், அக்ஸியோ வைத்திருப்பவர் எதை நம்புவது?

ஐயாயிரத்தின் கதை

ஐயாயிரம் என்பது கராஜ்காரர்கள் கூடிப் பேசி வைத்த கணக்கு அல்ல. அமெரிக்காவில் நெடுங்காலம் நிலைத்திருந்த வழக்கம் 3,000 மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது. கிலோமீற்றரில் அது 4,800க்குச் சற்று மேல். சாதாரண மினரல் ஒயிலும் காபரேட்டர் எஞ்சினும் இருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. பெற்றோல் அளவாகப் போகாது, எஞ்சினுக்குள் கரி படியும், ஒயில் சீக்கிரம் தடித்துப் பிசுபிசுக்கும். எஞ்சினும் ஒயிலும் மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை. கடைசியில் கலிபோர்னியா மாநில அரசே, 3,000 மைல் கணக்கை விட்டுவிட்டு உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள் என்று மக்களிடம் பிரசாரம் செய்ய வேண்டி வந்தது. 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஒயில் ஊற்றும் கார்களுக்கு அமெரிக்காவில் டொயோட்டா சொல்வது 10,000 மைல், அதாவது 16,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு.

நம் ஊர் மெக்கானிக் ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வியாபாரம் மட்டும் காரணம் அல்ல. அவரிடம் வரும் கார் பெரும்பாலும் பாவித்த கார். ஜப்பானில் அதை எப்படி ஓட்டினார்கள், மீற்றர் சொல்வது உண்மைதானா என்று அவருக்குத் தெரியாது. போன தடவை என்ன ஒயில் ஊற்றினார்கள் என்பது சில நேரம் உரிமையாளருக்கே தெரியாது. காரை மேலே தூக்கினால் பிரேக், டயர், கசிவு எல்லாம் கண்ணில் படும். தெரியாத எஞ்சினுக்கு முன்னால் நின்று சொல்லும் எண் சிறியதாக இருப்பது இயல்பு.

சிந்தெடிக் என்றால் சாகாவரமா?

டின்னில் சிந்தெடிக் என்று இருந்தாலே உள்ளே இருப்பது முழுக்க ஆய்வுகூடத்தில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். இன்று அந்தப் பெயரில் விற்கும் ஒயில்களில் பெரும்பகுதி, நிலத்தடி எண்ணெயைக் கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து மறுசீரமைத்தது. அதையும் சிந்தெடிக் என்று சொல்லி விற்கலாமா என்று காஸ்ட்ரோலுக்கும் மொபிலுக்கும் அமெரிக்காவில் ஒரு விளம்பரச் சர்ச்சையே நடந்தது. 1999இல் முடிவு காஸ்ட்ரோலுக்குச் சாதகமாக வந்தது.

எந்த வழியில் தயாரித்தாலும் நல்ல சிந்தெடிக் ஒயிலின் பலம் ஒன்றுதான்: மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவானவை. அதனால் சூட்டில் எளிதில் ஆவியாகாது, ஒட்சியேற்றத்தைத் தாங்கும், சீக்கிரம் தடிக்காது.

ஆனால் ஒயில் என்பது அடிப்படை எண்ணெய் மட்டும் அல்ல. அமிலத்தைச் சமப்படுத்தும் கல்சியம், மக்னீசியம் சேர்மங்கள், தேய்மானம் தடுக்கும் துத்தநாக, பொசுபரசுச் சேர்மங்கள், கரியைப் படியவிடாமல் மிதக்க வைக்கும் சேர்க்கைகள் என்று ஒரு கூட்டமே அதற்குள் வேலை செய்கிறது. அந்தக் கூட்டம் நாளாக நாளாகக் கரைந்துபோகும். எரியாத பெற்றோலும் எரிந்ததால் வரும் ஈரமும் பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிலில் இறங்குகின்றன. அடிப்படை எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததானாலும் இதைத் தடுக்க அதனால் முடியாது. எனவே ஒயிலின் ஆயுளைத் தீர்மானிப்பதில் டின்னில் உள்ள பெயருக்கு இருக்கும் பங்கைவிட, கார் ஓடும் விதத்துக்கு இருக்கும் பங்கு பெரிது.

இரண்டாவது நிரல்

15,000 என்ற எண்ணைக் காட்டிப் பேசுகிறவர்கள் அந்தக் கையேட்டில் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது நிரலை விட்டுவிடுகிறார்கள். கடுமையான பாவனை என்ற தலைப்பின் கீழ் டொயோட்டா அங்கே பாதியாகக் குறைக்கிறது: 7,500 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். எது கடுமையான பாவனை என்பதற்கும் பட்டியல் உண்டு. ஓடும் தூரத்தில் 30 வீதத்துக்கு மேல் மேடுபள்ளமான அல்லது தார் போடாத பாதை, ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், ஒரு பயணத்தில் 8 கிலோமீற்றரைத் தாண்டாத குறுகிய ஓட்டங்கள், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவதும் ஊர்ந்து போவதும், மலைப்பாதை.

மலைப்பாதையை விட்டுவிட்டு மற்றவற்றைப் புத்தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நகரத்துக்குள் பாடசாலை, சந்தை, வங்கி, வீடு என்று சுற்றும் கார் 8 கிலோமீற்றரைத் தொடாமலே எஞ்சினை அணைத்துவிடுகிறது. கற்பிட்டிக் குடாநாட்டில் பாலாவியில் இருந்து நுரைச்சோலை வழியாகப் போகும் பிரதான வீதி நல்ல வீதிதான். ஆனால் அதிலிருந்து கடற்கரைக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் பிரியும் கிளைகள் பல மணற்பாதைகள். கொழும்புக்கும் புத்தளத்துக்கும் இடையே ஏ3 வீதியில் வாரம் பலமுறை போய்வரும் வாடகை வான் 20,000 கிலோமீற்றரைச் சில மாதங்களிலேயே தாண்டும்.

ஹைப்ரிட் கார்களில் இன்னொரு சிக்கல். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது எஞ்சின் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. மீற்றர் காட்டும் தூரம் முழுவதும் எஞ்சின் ஓடியதல்ல என்பதால் ஒயில் தேயாமல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் சரி. எஞ்சின் முழுச்சூட்டை எட்டினால்தான் ஒயிலில் சேர்ந்த ஈரமும் பெற்றோலும் ஆவியாகி வெளியேறும். எட்டாவிட்டால் இரண்டும் உள்ளேயே தங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஊருக்குள் மட்டும் சுற்றும் ஹைப்ரிட் காருக்கு இதனால்தான் கிலோமீற்றரைவிட மாதக் கணக்கு முக்கியம்.

2022ஆம் ஆண்டு அந்த மாதக் கணக்கை நாடு முழுவதற்கும் காட்டியது. பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நீண்டது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். மீற்றர் நகரவில்லை, ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் வரவில்லை. ஆனால் முற்றத்தில் நின்ற காரின் ஒயிலுக்கு வயது ஏறிக்கொண்டே இருந்தது. கையேட்டில் எந்தக் கிலோமீற்றருக்குப் பக்கத்திலும் ஒரு மாதக் கணக்கை எழுதி வைப்பது இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான்.

உப்புக்காற்றும் வெயிலும்

கரையோரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு: கடற்காற்று ஒயிலைக் கெடுத்துவிடும். எஞ்சினின் உட்புறம் மூடியது. உப்பு நேராக ஒயிலில் போய்க் கலப்பதில்லை. உப்பு தாக்குவது வெளியில், ஒயில் தொட்டியின் அடித்தகட்டையும் வடிப்பு ஆணியையும். துருப்பிடித்துக் கசியும் தொட்டி, புரி தேய்ந்த ஆணி இரண்டுமே எஞ்சினைக் கொல்லக்கூடியவை. ஒயில் மாற்றும்போது அடிப்பக்கத்தைக் கழுவித் துடைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

உண்மையான எதிரி மணல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள் கற்பிட்டியில் கைட் சர்ஃபிங் செய்ய வரும் வெளிநாட்டவருக்குக் கொண்டாட்டம். கார் எஞ்சினுக்கு அது தூசு பறக்கும் காலம். எயார் பில்டர் பழுதாகி மெல்லிய மணல் உள்ளே போனால் அது அரத்தின் வேலையைச் செய்யும். எந்த விலை ஒயிலும் அதைத் தடுக்காது. ஒயிலைச் சீக்கிரம் மாற்றும் ஒருவர் எயார் பில்டரைத் தட்டித் தட்டியே ஓட்டினால் அவர் காசை மிச்சம் பிடிக்கும் இடம் தவறு.

வெயில் நாடு, அதனால் தடித்த ஒயில்தான் பொருந்தும் என்பது இன்னொரு நம்பிக்கை. 0டபிள்யூ-20 என்பதில் முதல் பகுதி உறைகுளிரில் ஒயில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ வகையை −35 பாகை செல்சியசில் சோதிக்கிறார்கள். அந்தக் குளிர் நமக்கு வரப்போவதில்லை. இரண்டாவது எண் 100 பாகைச் சூட்டில் உள்ள தடிப்பு. வெளியே வெயில் 32 பாகையானாலும், ஜப்பானின் குளிர்காலத்தைப் போலப் பனியானாலும், தெர்மோஸ்டாட் எஞ்சின் நீரை 80 முதல் 90 பாகை அளவில்தான் வைத்திருக்கிறது. மெல்லிய ஒயிலுக்காக வடிவமைத்த எஞ்சினில் 20டபிள்யூ-50ஐ ஊற்றினால் எரிபொருள் செலவு கூடும். நுண்ணிய வழிகளுக்கு ஒயில் போய்ச் சேரவும் தாமதமாகும். கையேடு அனுமதிக்கும் மாற்று வகைகளுக்குள் நிற்பதே பாதுகாப்பு.

நிறம் பற்றியும் ஒரு சொல். ஒயில் கறுத்துவிட்டது, உடனே மாற்று என்பார்கள். கரியைப் பிடித்து மிதக்க வைப்பது ஒயிலின் வேலை; கறுத்தால் அது வேலை செய்கிறது என்றுதான் பொருள். பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பால் கலந்ததுபோல வெளுத்தால் நீர் கலந்திருக்கிறது. குச்சியில் பெற்றோல் மணந்தாலோ, ஊற்றாமலே மட்டம் ஏறினாலோ பெற்றோல் இறங்குகிறது. மட்டம் வேகமாக இறங்கினால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. அப்போது 15,000 என்ற பேச்சுக்கே இடமில்லை.

எண் எது?

இந்தக் கரையோரத்துக்கு ஒரே எண் கிடையாது. ஆனால் வகைப்படுத்தலாம்.

ஊருக்குள் சுற்றும் டர்போ இல்லாத பெற்றோல் அல்லது ஹைப்ரிட் கார், நம்பகமான சிந்தெடிக் ஒயில்: 7,500 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். வாரக்கடைசியில் சிலாபம், கொழும்பு என்று நீண்ட ஓட்டம் போய், நல்ல வீதியில் சீராக ஓடும் கார்: 10,000 கிலோமீற்றர், ஓராண்டைத் தாண்டக்கூடாது. 15,000 வரை இழுப்பது நம் பாதையில் தேவையற்ற துணிச்சல். டர்போ எஞ்சின் என்றால் ஜப்பானிலேயே டொயோட்டா சொல்லும் பொதுக் கணக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். அங்கே ஊர் ஸ்டிக்கரும் கையேடும் ஒத்துப்போகின்றன. புதிதாக வாங்கிய, பழைய வரலாறு தெரியாத காருக்கு முதல் இரண்டு மாற்றங்களைச் சீக்கிரமாகவே செய்யலாம். மற்ற நிறுவனங்களின் கார்களுக்கு அவரவர் கையேட்டின் இரண்டாவது நிரல்தான் சட்டம். ஜப்பானிய எழுத்தைக் கைத்தொலைபேசிக் கமராவே இன்று மொழிபெயர்த்துக் காட்டுகிறது.

காசுக் கணக்கும் சிறியதல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டிய பிறகு, இறக்குமதியை நம்பிய ஒயில் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அக்குவா காருக்கு ஒருமுறைக்கு மூன்றரை லீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் ஒருவர் 5,000க்கு ஒருமுறை மாற்றினால் மூன்று தடவை. 7,500க்கு மாற்றினால் இரண்டு. மிச்சமாகும் ஒரு தடவைக் காசில் தரமான ஒயிலும் அசல் பில்டரும் வாங்கலாம். மலிவு ஒயிலை அடிக்கடி மாற்றுவதைவிட அது மேல். வாங்கும்போது மூடி முத்திரையைப் பார்ப்பதும், வெறுமையான டின்னைக் கிழித்துவிட்டுப் போடச் சொல்வதும் அவசியம். பழைய டின்னில் போலி ஒயில் திரும்பி வரும் தொழில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு புதிய காரின் விலை பலருக்கு எட்டாத உயரம். கையில் இருக்கும் எஞ்சினை இன்னும் பத்து ஆண்டு ஓட்ட நினைப்பவர், மிச்சம் பிடிக்கிறேன் என்று காலக்கெடுவைத் தாண்டினால் நட்டம் அவருக்குத்தான்.

வடித்த ஒயில் எங்கே போகிறது?

மாற்றும் தவணையைச் சரியாக வைப்பதற்குப் புத்தளத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் நிலம் மணல். குடிநீரும் தோட்ட நீரும் அந்த மணலுக்குக் கீழே ஆழமில்லாமல் தேங்கியிருக்கும் நன்னீர்தான். உரத்தில் இருந்து இறங்கும் நைத்திரேற்று அந்த நீரை ஏற்கனவே பாதித்திருக்கிறது. பக்கத்திலேயே புத்தளம் களப்பும் இறால் பண்ணைகளும். ஒரு காரில் ஒருமுறை வடிக்கும் ஒயில் 10 இலட்சம் கலன் நன்னீரைப் பாழாக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகமை. வேலிக் கம்பத்துக்குக் கறையான் பிடிக்காமல் பூசுவதும், முற்றத்துத் தூசு அடங்கத் தெளிப்பதும், வடிகானில் ஊற்றுவதும் கடைசியில் அந்தக் கிணறுகளில்தான் போய் முடியும்.

முறையான வழி தொலைவில் இல்லை. புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளை 1,450 பாகை அளவு சூட்டில் கிளிங்கர் சுடுகிறது. அந்தச் சூட்டில் தொழிற்சாலைக் கழிவுகளை எரிபொருளாக்கி அழிக்கும் வேலையை இன்சீ நிறுவனம் அங்கே நடத்துகிறது. வடித்த ஒயிலை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்கும் சேர்விஸ் நிலையங்களும் இருக்கின்றன. அடுத்த முறை காரை உள்ளே விடுவதற்கு முன், என்ன ஒயில், என்ன விலை என்று கேட்பதோடு நிறுத்தாமல், பழைய ஒயிலை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த நிலையத்துக்கே காரைக் கொண்டுபோங்கள்.