திங்களுக்குரிய கிழமை: திண்ணைப் பள்ளியின் கல்வி நாள்கள்

கிழமை என்னும் சொல்லைத் தொல்காப்பியர் உரிமைப் பொருளில் ஆண்டார். ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமையே. இன்று நாளின் பெயரோடு ஒட்டி வழங்கும்போதும் அச்சொல் தன் பழம்பொருளை முற்றும் இழந்திலது. ஞாயிற்றுக்குரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. யாழ்ப்பாணத்தாரோ ஏழு நாள்களின் தொகுதியையே கிழமை என்பர். இவ்விரு பொருளையும் உளங்கொண்டு, செட்டிநாட்டின் முகப்புத் திண்ணைகளிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் நிகழ்ந்த திண்ணைப் பள்ளிகளின் கிழமை எதற்குரியதாக இருந்தது என வினவுவோமாயின், விடை ஞாயிறு அன்று, திங்கள் என்பதாம். இது வெறும் நாட்கணக்குச் செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் அப்பள்ளியில் எது எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதனை விளக்குதற்கு இதனினும் நல்ல வாயில் இல்லை என நாம் கருதுகின்றோம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திர'த்தில் இளமைக் கல்வியை விரித்துரைக்குமிடத்து, உவா நாள்களில் பள்ளிக்கு விடுமுறை என்பதனையும், அவ்வுவாவே 'வாவு' என மருவிற்று என்பதனையும், அந்நாள்களில் ஆசிரியர்க்கு அளித்த காசு 'வாவுக் காசு' எனப்பட்டது என்பதனையும் கூறுவர். உவவு என்பது சங்கச் செய்யுளிற் பயின்ற சொல். முதலுயிர் கெட்டு வாவு என நின்ற வடிவம் தமிழில் அருகிவிட்டதேனும், மலையாளத்தார் கறுத்தவாவு, வெளுத்தவாவு என இன்றும் வழங்குவர்.

காருவா, வெள்ளுவா என்னும் இரு நாளும், அவற்றை அடுத்த முதல் திதியும், எட்டாம் திதியும் ஓய்வு என்னும் மரபைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டாம் திதி முதல் ஏழாம் திதி வரை ஆறு நாள் கல்வி. எட்டாம் நாள் ஓய்வு. ஒன்பது முதல் பதினான்கு வரை மீண்டும் ஆறு நாள் கல்வி. பின்னர் உவாவும் அதன் மறுநாளுமாக இரு நாள் ஓய்வு. திதி குறைதலும் மிகுதலும் உண்டாதலின் ஒவ்வொரு பக்கமும் இவ்வளவு செவ்வையாக அமையாது. எனினும் முப்பது திதியில் இருபத்து நான்கு கல்விக்கும் ஆறு ஓய்வுக்கும் உரியனவாதல் தெளிவு. திண்ணைப் பள்ளி ஒழுங்கற்றது, ஆசிரியர் நினைத்தபோது நடந்தது எனக் கூறுவார் இக்கணக்கை நோக்குவாராக.

அவ்வாறு நாள்களில் நிகழ்ந்தது யாது? இதற்குப் பல்லாரி மாவட்ட ஆட்சித் தலைவர் ஏ. டி. காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை பெரிதும் துணைசெய்கின்றது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பின் பொருட்டு எழுந்தது அது. பல்லாரியில் வழங்கிய மொழிகள் தெலுங்கும் கன்னடமும் ஆதலின், அதனைத் தமிழ்ப் பள்ளிக்குச் சான்றாக்குங்கால் எச்சரிக்கை வேண்டும்; சாமிநாதையர் கூற்றோடு ஒத்துவரும் பகுதிகளைத் துணிந்து கொள்ளலாம். காலை ஆறு மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வந்த மாணவன் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் சுழி. புகழும் இல்லை, இகழும் இல்லை என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு ஈரடி என வளர்ந்து செல்லும். கடைசியில் வந்த குழந்தையின் நிலையை எண்ணிப் பார்க்க நமக்கு அச்சமே உண்டாகின்றது. பழமையைப் போற்றுவார் இவ்வடிகளை மறந்துவிடுதல் வழக்கம்.

மணலில் விரலால் எழுத்துப் பயிலல், பின் ஓலையில் எழுத்தாணி பிடித்தல், மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பித்தல் என முறை நடந்தது. அம்மூத்த மாணவனே சட்டாம்பிள்ளை. கி.பி. 866-இல் எழுந்த பார்த்திவபுரச் செப்பேட்டில் சாலை மாணவரைக் குறிக்கும் 'சட்டர்' என்னும் சொல் இதனோடு உறவுடையதாதல் கூடும். கேரளத்துத் துறவியார் சட்டம்பி சுவாமிகள் (1853–1924) அப்பெயர் பெற்றது இளமையில் வகுப்புத் தலைவராக இருந்தமையால் என்பர். இம்முறையின் புகழ் கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறார்க்கான விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் விடுதியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழை மக்களின் பள்ளிகள் பல அவ்வழி நடந்தன.

மாலையில் பள்ளி கலையுங்கால் ஆசிரியர் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பூ, ஒரு விலங்கு, ஒரு பறவை, ஓர் ஊர் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவர். மறுநாள் அவன் மறவாது ஒப்பிக்க வேண்டும் என்கின்றார் சாமிநாதையர். சிறிய செய்தியேயெனினும் இதன்கண் ஒரு கருத்து உண்டு. வீட்டிற்குச் சென்று செய்வதற்கு எழுத்து வேலை இல்லை. சுமந்து செல்வது சொல் மட்டுமே. இரவு முழுதும் உள்ளத்தில் ஊறி மறுநாள் வெளிப்படுவதே பாடம்.

பொருளுணராது நெட்டுருச் செய்தனர் என்னும் குறையைக் காம்பெல் அன்றே கூறினார். செய்யுள் நடை பேச்சு நடையினின்று வேறுபட்டமையால் மாணவர் தாம் ஒப்பிப்பதனை உணர்ந்திலர் என்பது அவர் கருத்து. நீதி நூற் பயிற்சியைப் பொறுத்த அளவில் அக்குறையில் உண்மையுண்டு. ஆயின் கணக்கை நோக்குழி அது பொருந்தாது. ஈண்டே செட்டிநாடு நமக்கு நல்ல சான்றாகின்றது.

வணிகக் குடிச் சிறுவர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே 'கொண்டுவிக்க' இலங்கைக்கும் பருமாவுக்கும் மலேயாவுக்கும் அனுப்பப்பட்டனர். பெட்டியடிப் பையனாகப் புகுந்து அடுத்தாளாக உயர்வது நடைமுறை. மகிபாலன்பட்டியிற் பிறந்த பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் (1881–1953) திண்ணைப் பள்ளியிற் பயின்றது சில மாதங்களே. இளமையிலேயே இலங்கைக்குச் சென்றார். மேலைச்சிவபுரியிற் பிறந்த வ. சுப. மாணிக்கனார் (1917–1989) சிறுவராகவே இரங்கூன் சென்று கடையிற் பணி செய்தார். ஆக, பள்ளிக்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. அதற்குள் கடைக்கு வேண்டும் கணக்கு முழுதும் நாவில் நின்றாக வேண்டும்.

அரிச்சுவடி முடிந்ததும் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி எனப் பயிற்சி ஏறும். பொன்னிலக்கத்தில் முந்திரி (320-இல் ஒன்று), காணி (80-இல் ஒன்று), மா (20-இல் ஒன்று), மாகாணி அல்லது வீசம் (16-இல் ஒன்று), அரைக்கால், கால், அரை, முக்கால் என ஒன்றின் கூறுகள் வரும். முந்திரியை முந்திரியாற் பெருக்கினால் வரும் கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. நெல்லிலக்கத்தில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்பது தொடங்கித் தொண்ணூற்றாறு நாழி கொண்ட கலம் வரை அளவுகள் ஏறிச் செல்லும்.

இவற்றின் பயனை ஒரு கணக்கால் விளக்குவோம். மாதம் நூற்றுக்கு முக்கால் ரூபாய் வட்டி. முதல் 325 ரூபாய். எண்சுவடி பயின்ற சிறுவன் மும்முக்கால் இரண்டேகால் என்பான். எஞ்சிய 25 நூற்றிற் கால் ஆதலின், முக்காலிற் கால் மூவீசம் என்பான். இரண்டேகாலே மூவீசம், அஃதாவது 2 ரூபாய் 7 அணா. தாளும் இல்லை, கோலும் இல்லை. ரூபாயில் வீசம் ஓர் அணாவாக அமைந்தமையால் ஆங்கில ஆட்சியின் நாணயமும் இச்சிறுவனுக்குத் தடையாகவில்லை. அவன் நெட்டுருச் செய்தது உண்மையே. ஆயின் வாய்பாட்டை முக்காலுக்கும் மூவீசத்திற்கும் இடையே எங்கு நிறுத்தி எங்கு மாற்றுவது என்பது நெட்டுருவன்று, கணிதவறிவு. திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு, 2022-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், நினைவு என்பது ஆங்குக் கற்றலின் கருவி மட்டுமன்று, கற்றலின் வடிவமே என்னும் கருத்துப்பட எழுதியுள்ளார். நாமும் அதனை உடன்படுகின்றோம்.

திங்களின் கிழமை ஞாயிற்றுக்குக் கைமாறியது ஒரே நாளில் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசு உதவித்தொகையும் மேற்பார்வையாளரும் வந்தனர்; வகுப்புப் பிரிவும் வருகைப் பதிவும் அச்சிட்ட புத்தகமும் உடன் வந்தன. 1920-ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் அவ்வமைப்பை மேலும் உறுதிசெய்தது. 1957 ஏப்பிரல் முதல் நாள் பதின்மக் காசு வந்தபின் வீசமும் கடைத்தெருவிற் பொருளிழந்தது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையன்று. பழைய திண்ணை ஒடுக்கப்பட்ட குடிச் சிறார்க்குத் திறந்ததன்று. மன்றோவின் கணக்கிற் சிறுமியர் தொகை மிகச் சிறிது. 'அழகிய மரம்' என அக்கல்வியைப் போற்றிய தரம்பால் (1983) தொகுத்த சான்றுகளிலேயே இக்குறை தெரிகின்றது. பொதுப் பள்ளி அக்கதவைத் திறந்தது. இழந்ததும் ஒன்றுண்டு. திண்ணையில் வகுப்பு இல்லை. ஒவ்வொருவனும் தன் சுவடி முடிந்தபோது அடுத்த சுவடிக்குச் சென்றான். ஏறத்தாழ 2007-இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலின் ஏணிப்படிகளும், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளும் வயதினும் நிலையே முதன்மை எனக் கொண்டன. அவை திண்ணையினின்று பிறந்தன என நாம் கூறவில்லை. அதே வினாவுக்கு வந்த விடைகள் என்பதே நம் கருத்து.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் மூலங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இருந்தன. சில இன்னும் இருக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்கள் அவர் 1992-இல் மறைந்தபின் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அச்சு நூல்களுக்கு அந்நற்பேறு வாய்த்தது. மாணவன் கையால் எழுதிய எண்சுவடி ஓலையோ இலக்கியச் சுவடி தேடுவார்க்கும் வேண்டாதது. காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் தூணும் கதவும் வாங்குவார்க்கும் வேண்டாதது. நம் மாணவர் ஊர்தோறும் செல்லுங்கால் இவ்வோலைகளைக் கேட்டுப் பெற்றுப் படியெடுப்பாராக. குறிப்பாக ஏட்டின் ஓரத்தில் நாட்குறிப்போ, வாவுக் காசு பெற்ற கணக்கோ உளதா என நோக்குதல் வேண்டும். மேலே நாம் திதியைக் கொண்டு கணித்த ஆறு நாள் முறையை உறுதிசெய்யவோ மறுக்கவோ அக்குறிப்புகளே வல்லன.