செப்புக் காசும் கமரா வில்லையும்

வன்னி நிலத்தின் வரலாறு ஏடுகளில் மட்டும் உறங்குவதன்று. உழுகின்ற வயலிலும், தூரெடுக்கும் குளத்திலும் அது செப்புக் காசாகக் கண்விழிப்பதுண்டு. கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த பூநகரியின் தொல்பொருட் சான்றுகளைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் ஆராய்ந்து, 1993ஆம் ஆண்டில் தனி நூலாகவே வெளியிட்டார். அத்தகைய ஆராய்ச்சிக்கு நாணயம் எத்துணை இன்றியமையாததோ, அதன் தெளிவான படமும் அத்துணை இன்றியமையாதது.

சேது நாணயத்தை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்னும் தமிழ்ச் சொல். இக்காசு இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையதோ, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையதோ என்று அறிஞர் வாதிட்ட காலமும் உண்டு. உருவத்தின் நிலையையும் எழுத்தின் வடிவையும் கொண்டே இத்தகைய வழக்குகள் தீர்கின்றன. படத்தில் அவை மங்கினால், சாட்சி இருந்தும் ஊமையாகிவிடும்.

ஆதலின் எந்த வில்லையைத் தெரிவது? சாதாரண வில்லை மிக அருகிற் குவியாது. 'மக்ரோ' வில்லையோ அண்மைப் பார்வைக்கென்றே அமைந்தது. தட்டையான பொருளின் நடுவையும் விளிம்பையும் ஒருங்கே தெளிவாகக் காட்டுவது. ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவில், 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள காசு, 24க்கு 36 மில்லிமீற்றர்ச் சட்டத்தில் அதே 20 மில்லிமீற்றராகவே விழும்.

குவியத் தூரம் 50 அல்லது 60 மில்லிமீற்றராயின், வில்லை காசின்மேற் கவிந்து தன் நிழலையே அதன்மீது வீழ்த்தக்கூடும். 100 மில்லிமீற்றர் வில்லையோ பெரும்பாலும் 12 முதல் 15 சென்றிமீற்றர் இடைவெளி தரும். அந்த இடைவெளியே விளக்கு நுழையும் வாயில். மாலை வெயில் சாய்ந்து விழும்போது வயலின் ஒவ்வொரு கொழுச்சாலும் துலங்குவதுபோல, பக்கவாட்டிற் சாய்ந்த ஒளியிலேயே தேய்ந்த எழுத்துத் தலைநிமிரும்.

பொருள் வசதி குறைந்த மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. 50 மில்லிமீற்றர் வில்லைக்கும் கமராவுக்கும் இடையே 50 மில்லிமீற்றர் நீள வளையங்களைப் பொருத்தினால் அதே அளவு கிட்டும், இடைவெளிதான் குறையும். எவ்வில்லையாயினும், கமராவைத் தாங்கியில் நிறுத்திக் காசுக்குச் சமாந்தரமாக்குக. துவாரத்தை எப் 8 அளவில் வைத்தாலும், ஒன்றுக்கு ஒன்று என்னும் நிலையில் ஒளி எப் 16க்கு உரியதாகவே குறையும். ஆகவே நேரத்தைக் கூட்டுக. மேலும் சுருக்கினாற் படத்தின் கூர்மை மழுங்கும்.

இன்னொன்று: படம் பளிச்சிட வேண்டுமென்று காசைப் புளியிட்டு விளக்கற்க. களிம்போடு எழுத்தும் கரைந்துபோகும். அளவுகோலொன்றை அருகில் வைத்துப் படமெடுத்து, நிறையையும் கிடைத்த இடத்தையும் குறித்து, தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை; 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் வேண்டுவதும் அத்தகைய அறிவித்தலையே.

2009 வரை நீண்ட போரில் வன்னி மக்கள் வீட்டையும் ஏட்டையும் விட்டுப் பெயர்ந்தனர். கையிலிருந்த பழம்பொருள் எப்போது கைநழுவும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. காசு தொலைந்தாலும், நன்றாக எடுத்த படமொன்று அதன் சார்பிற் பேசும்.