மை கூடினால் தடித்த எழுத்தாகுமா?

கடந்த வருடம் ஊர்ப் பாடசாலையொன்றின் சிறப்பு மலருக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்தேன். மார்க்கக் கட்டுரை, கவிதை, உயர்தர மாணவருக்கான கணிதப் பகுதி எல்லாம் கலந்த மலர். புறூஃப் பார்க்க வந்த மௌலவி ஒரு தலைப்பில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இதுல தீனக் காணல்ல. தின் எண்டுதான் இரிக்கி. வடிவாப் பாருங்க."

நான் 'தீன்' என்றுதான் அடித்திருந்தேன். திரையில் பெருப்பித்துப் பார்த்தால் நெடிலாகவே இருந்தது. தாளில்தான் 'தீ'யின் உச்சிச் சுழி மை அடைத்துக் குறிலாகத் தெரிந்தது. பிழை என்னுடையது. அந்த எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் கிடையாது. அது தெரியாமல் போல்ட் பொத்தானை அழுத்தினேன். மென்பொருள் இல்லாத ஒன்றைத் தானே செய்து தந்தது. இந்தப் போலித் தடிப்பு எப்படி உண்டாகிறது, எங்கே கெடுக்கிறது, எங்கே பொறுத்துக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

போலித் தடிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது பழைய தட்டெழுத்துக்காரரின் வழி. ஒரு சொல்லை அடித்து, பின்னுக்கு வந்து, அதன் மேலேயே மறுபடி அடிப்பது. கணித அச்சுக்குப் பெயர்போன டெக் மென்பொருளில் இதற்கு 'ஏழையின் போல்ட்' என்ற பொருளில் ஒரு கட்டளையே உண்டு. ஒரே குறியீட்டை மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் சற்று நகர்த்தி வைக்கும். கண்ணுக்கு ஒன்று, பிடிஎஃப் கோப்பில் மூன்று. அந்த இடத்தைப் பிரதி எடுத்தால் ஒரே எழுத்து மூன்று முறை வந்து விழலாம்.

இரண்டாவது வழி, எழுத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுப்பது. பிடிஎஃப் முறையில் எழுத்தை நிரப்பவும், நிரப்பியதோடு விளிம்பில் கோடு போடவும் வசதி இருக்கிறது. கோட்டின் ஒரு பாதி எழுத்தின் கருமைக்குள் மறையும். மறுபாதி வெளியே வரும். 0.4 புள்ளி அகலக் கோடு என்றால் தண்டின் இரு பக்கமும் 0.2 வீதம் சேர்ந்து, தண்டு மொத்தம் 0.4 தடிக்கும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை அதேயளவு சுருங்கும். வளையப் புள்ளியின் உள்வெள்ளை 0.5 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 0.1. தாளில் மை சிறிது பரவினாலே அதுவும் போய்விடும். 'தீ'யின் சுழிக்கு நடந்தது இதுதான்.

உண்மையான தடித்த எழுத்தை வரைபவர் இப்படிச் செய்வதில்லை. டெக்கை உருவாக்கிய டொனால்ட் கனூத், 1977இல் தன் நூலொன்றின் அச்சுப்படிவம் மனதுக்குப் பிடிக்காமல் போனதால் இந்த வேலையில் இறங்கியவர். கொம்பியூட்டர் மொடர்ன் என்ற அவருடைய எழுத்துருக் குடும்பத்தில் 10 புள்ளிச் சாதாரண எழுத்தின் இலக்கமொன்று 5 புள்ளி அகலம். தடித்த எழுத்தில் அதே இலக்கம் 5.75 புள்ளி. தண்டு தடிக்கும்போது உள்ளே வெள்ளை தங்குவதற்காக எழுத்தே அகலமாகிறது. தண்டு ஒரு அளவிலும் மெல்லிய கோடுகள் இன்னொரு அளவிலும் தடிக்கின்றன. போலி முறை எல்லாக் கோட்டுக்கும் ஒரே அளவைக் கூட்டுகிறது. அகலத்தைப் பெரும்பாலும் தொடுவதேயில்லை.

அரபு எழுத்தணிக்காரருக்கு இது புதிய செய்தியல்ல. 940இல் காலமான பக்தாதின் இப்னு முக்லாவோடு சேர்த்துப் பேசப்படும் விகித முறையில், நாணல் கலத்தின் நுனி வைக்கும் புள்ளியே அளவுகோல். அலிஃபின் உயரமும் அந்தப் புள்ளியால்தான் எண்ணப்படும். தடித்த கலத்தை எடுத்தால் எழுத்து முழுவதும் பெருக்கும்; தடிப்பு மட்டும் தனியே பெருக்காது. முக்கியமான இடத்தைக் காட்டச் சிவப்பு மையோ, பெரிய எழுத்தோ, மேற்கோடோ ஏடுகளில் போதுமானதாக இருந்தது.

அரபில் போலித் தடிப்பு ஆபத்தானதும் அதனாலேயே. 'தா'வின் மேலிருக்கும் இரு புள்ளிகள் ஒட்டிக்கொண்டால், சொல்லின் முதலிலும் நடுவிலும் அது 'நூன்' போலத் தெரியும். ஷத்தின் சிறு பற்கள் அடைபடும். குர்ஆன் வசனத்தில் இதைச் சின்ன அச்சுப் பிழை என்று தள்ளிவிட முடியுமா? அமீரி எழுத்துருவுக்கு முறையாக வரைந்த தடித்த வடிவம் உண்டு. அதன் குர்ஆன் பதிப்புக்கு அது இல்லை. இல்லாத இடத்தில் பொத்தானை அழுத்தாமல் விடுவதே ஒழுங்கு.

கணிதத்துக்கு வந்தால் விடயம் மாறுகிறது. உரையில் தடிப்பு ஒரு அழுத்தம். கணிதத்தில் அது பொருள். லண்டனில் 1845இல் வெளிவந்த கிளாரண்டன் என்ற தடித்த அச்செழுத்து, சாதாரண எழுத்தின் நடுவே ஒரு சொல்லை எடுத்துக் காட்டப் பயன்பட்டது. மக்ஸ்வெல் தன் 1873ஆம் ஆண்டு நூலில் காவிகளுக்கு ஜேர்மன் எழுத்துக்களைப் பயன்படுத்தியிருந்தார். அவை வாசிக்கச் சிரமம் என்று கண்ட ஒலிவர் ஹெவிசைட் கிளாரண்டனுக்கு மாறினார். தடித்த எழுத்து என்றால் காவி என்ற வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. கரும்பலகையில் தடித்து எழுத முடியாததால் வகுப்பில் கீழ்க்கோடு போடுகிறோம்.

இப்போது விசை, திணிவு, ஆர்முடுகல் சமன்பாட்டை எடுங்கள். விசையும் ஆர்முடுகலும் காவி, திணிவு எண்ணி. பாடத்துக்குள் முதலிரண்டும் தடித்தும் திணிவு மெலிந்தும் நிற்கும். அதே சமன்பாட்டைத் தலைப்பில் வைத்து முழுவரிக்கும் போல்ட் போட்டால் திணிவும் காவியாகிவிடும். எங்கள் மலரின் கணிதப் பக்கத்தில் இதையும் நான்தான் செய்திருந்தேன். "சேர், திணிவுக்குத் திசை இருக்கா?" என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் விளங்கியது.

தடிப்பு பொருள் தருவதால்தான் 2001இல் வந்த யூனிகோட் 3.1, கணிதத்தின் தடித்த இலத்தீன், கிரேக்க எழுத்துக்களுக்குத் தனிக் குறியெண்களைக் கொடுத்தது. 2012இல் 6.1ஆம் பதிப்பில் அரபுக் கணித எழுத்துக்களும் சேர்ந்தன. அவற்றில் வால் வைத்தவை, நீட்டியவை, கண்ணி போட்டவை, இரட்டைக் கோட்டவை உண்டு, தடித்தவை இல்லை. அங்கே வேறுபாடு உருவத்தில் இருக்கிறது.

கணிதத்தில் போலித் தடிப்பு தடுமாறும் இடங்கள் இரண்டு. 10 புள்ளி உரைக்கு டெக் வழமையாகக் கீழ்க்குறிகளை 7 புள்ளியிலும், குறிக்குள் குறியை 5 புள்ளியிலும் வைக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே 0.4 கோட்டைச் சுற்றினால் சின்ன எழுத்துத்தான் அதிகம் அடைபடும். அடுத்தது வர்க்கமூலம். அதன் குறி எழுத்துருவிலிருந்து வருவது; மேலே ஓடும் கோடு மென்பொருள் வரைவது. குறி தடிக்கும், கோடு மெலிந்தே நிற்கும். பின்னக் கோட்டுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் போலித் தடிப்பே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். பல கணித எழுத்துருக்களில் தடித்த எழுத்துக்கள் இருக்கும். தடித்த தொகையீட்டுக் குறியோ அடைப்போ இருக்காது. அப்படியொரு தனிக் குறியீடு தேவைப்பட்டால் 10 புள்ளிக்கு 0.2 அல்லது 0.3 கோடு போட்டுச் சமாளிக்கலாம். பெரிய உருவம், உள்ளே வெள்ளை தாராளம். ஆனால் தமிழ் உரைக்கு நோட்டோ போன்று உண்மையான தடிப்புகள் உள்ள குடும்பத்தையே தேர்ந்துகொள்வது நல்லது. அது இல்லையென்றால் தலைப்பை இரண்டு புள்ளி பெரிதாக்கினால் போதும்.

மலரின் தலைப்பை மெலிந்த எழுத்திலேயே பெரிதாக்கினேன். வசனத்தின் தடிப்பை எடுத்துவிட்டேன். சமன்பாட்டைத் தலைப்பிலிருந்து இறக்கிப் பாடத்துக்குள் வைத்தேன். பிறகு உண்மை அளவில் தாளில் எடுத்து மௌலவியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "இப்ப தீன் இரிக்கி" என்றார். இப்போதெல்லாம் எந்தப் புத்தகமானாலும் அச்சுக்குப் போகுமுன் 'ஈ'காரச் சுழி, 'ஏ'காரச் சுழி, ஷத்து, கீழ்க்குறி இந்த நான்கையும் திரையில் அல்ல, தாளில் பார்க்கிறேன்.