எத்தனை ஓட்டைன்னு கேக்காதீங்க, எப்படிப்பட்ட ஓட்டைன்னு கேளுங்க

டேபிள் ஃபேன் மோட்டார்ல ஷாஃப்ட்டைத் தாங்க பெரும்பாலும் ஒரு சின்ன வெண்கல புஷ் இருக்கும். பார்க்க கெட்டி உலோகம். ஆனா அதோட கன அளவுல சுமார் அஞ்சுல ஒரு பங்கு ஓட்டை, அதுவும் வேணும்னே விட்டது. அப்புறம் எப்படி அது உடையாம நிக்குது?

முதல்ல சின்டரிங்னா என்னன்னு பார்ப்போம். உலோகப் பொடியை அச்சுல அழுத்தி, முழுசா உருகாத அளவுக்குச் சூடாக்குவாங்க. இரும்பு உருகுறது 1538 டிகிரி செல்சியஸ்ல. சின்டர் பண்றது பெரும்பாலும் 1120 பக்கத்துல. அந்தச் சூட்டுல அணுக்கள் நகர்ந்து, துகள்கள் தொடுற இடத்துல சின்னதா ஒரு கழுத்து வளரும். பொரி உருண்டையை நினைச்சுக்கோங்க. ஆனா இங்க வெல்லம் கிடையாது, பொரியே பொரியோட ஒட்டிக்குது.

இப்போ ஒரு கணக்கு. கெட்டி இரும்போட அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம். நம்ம பாகம் 7.0 வந்தா, சுமார் 11 சதவீதம் ஓட்டை. வலிமையும் 11 சதவீதம்தான் குறையுமா? இல்லை, அதைவிட அதிகமா குறையும். ஏன்னா சுமையைக் கடத்துறது மெலிசான அந்தக் கழுத்துகள்தான்.

அடுத்தது வடிவம். இழுபடுற தகட்டுல வட்ட ஓட்டை இருந்தா, அதோட ஓரத்துல தகைவு மூணு மடங்கு. அகலத்தைப் போல அஞ்சு மடங்கு நீளமான நீள்வட்டம் இழுவைக்குக் குறுக்கா இருந்தா, முனையில 11 மடங்கு! 1913ல இங்லிஸ் போட்ட கணக்கு இது. அதனாலதான் கூடுதல் நேரம் சின்டர் பண்ணி ஓட்டையோட முனைகளை மழுக்குறாங்க. அடர்த்தி பெருசா ஏறாட்டியும் பாகம் உறுதியாகும்.

மூணாவது, ஓட்டை எங்க இருக்குங்கிறது. திரும்பத் திரும்ப சுமை ஏறி இறங்கும்போது, விரிசல் பெரும்பாலும் மேற்பரப்புக்குப் பக்கத்துல இருக்குற பெரிய ஓட்டையிலதான் தொடங்கும். நம்ம சர்வர் கதைதான்: சராசரி ரெஸ்பான்ஸ் டைம் அழகா இருக்கும், யூசரைக் கடுப்பேத்துறது அந்த ஒரு மெதுவான ரெக்வெஸ்ட்.

கடைசியா, ஓட்டைகள் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கா? புஷ்ஷுக்கு அது வரம். உள்ள இருக்குற எண்ணெய், ஷாஃப்ட் சுத்தும்போது வெளிய கசியும். நின்னதும் பெரும்பகுதி உள்ள திரும்பிடும். ஆனா உயர் அழுத்த வாயுவால ஓட்டையை நசுக்கி மூடணும்னா இதுவே தொல்லை. மேற்பரப்பு வரை திறந்திருந்தா வாயு உள்ளயும் புகுந்துடும், ஓட்டை மூடாது.

கார் இன்ஜின் கனெக்டிங் ராடுக்கு எண்ணெய் சேமிக்கிற வேலை இல்லை; தாங்குற வேலைதான். அதனால பொடியில செஞ்ச ராடை சின்டர் பண்ணதும், சூடா அடிச்சு ஓட்டைகளைக் கிட்டத்தட்ட முழுசா மூடிடுவாங்க.

இனிமே யாராவது "95 சதவீத அடர்த்தி"ன்னு சொன்னா, மீதி 5 எப்படி இருக்கு, எங்க இருக்குன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!