அம்பலகைத் தீட்டும் முறை

வேட்டை அம்பின் நுனியில் பொருத்தப்படும் அகன்ற, கத்தி போன்ற உலோக முனைக்கு அம்பலகு என்று பெயர். ஆங்கிலத்தில் பிராட்ஹெட் என்பார்கள். பயிற்சி அம்பின் முனை சீவிய பென்சில்போலக் கூம்பாக இருக்கும். இலக்குப் பலகையில் குத்தி நின்றால் அதற்குப் போதும். அம்பலகோ தோலையும் தசையையும் அறுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டியது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் பெற்று, அரசு குறித்த பருவத்தில் வில்லால் மான் வேட்டையாடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1934-இல் வில்லுக்கென்றே தனி மான் பருவம் ஒதுக்கியது; பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. அங்கே வேட்டைப் பருவம் நெருங்கினால் வீட்டு மேசையில் அரமும் தீட்டுக்கல்லும் வந்து உட்கார்ந்துவிடும்.

கூர் ஏன் இவ்வளவு முக்கியம்?

வேட்டைத் துப்பாக்கியின் குண்டு 3,000 ஜூலுக்கும் மேலான ஆற்றலோடு பாயக்கூடியது. அந்த அதிர்ச்சியிலேயே விலங்கு விழக்கூடும். 26 கிராம் எடையுள்ள அம்பு, நவீன வில்லிலிருந்து நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் அதன் ஆற்றல் 85 ஜூலைத் தாண்டாது. அம்பால் விலங்கு சாவது ரத்தப்போக்கால். நுரையீரலையோ பெரிய ரத்தக் குழாயையோ அலகு சுத்தமாக அறுத்தால் சில நொடிகளில் விலங்கு நினைவிழந்து சாய்ந்துவிடும்.

ரத்தக் குழாய் ஈர ரப்பர் குழாயைப்போல வழுக்கும், வளையும். மழுங்கிய அலகு வந்தால் ஒதுங்கிக்கொள்ளும், அல்லது நார்நாராகக் கிழியும். கிழிந்த காயத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். வழவழப்பாக அறுபட்ட காயத்தில் தடையின்றி வழியும். மழுங்கிய அம்பு பட்ட விலங்கு வெகுதூரம் ஓடி, எங்கோ புதருக்குள் வதைபட்டுக் கிடக்க நேரிடும். அதனால்தான் அலகைச் சவரக் கத்தி அளவுக்குக் கூராக வைத்திருப்பது வில்வேட்டைக்காரரின் முதல் கடமையாகக் கருதப்படுகிறது.

அலகின் வகைகள்

அலகுகள் பெரும்பாலும் 100 அல்லது 125 கிரெயின் எடையில் விற்கப்படுகின்றன. 100 கிரெயின் என்பது சுமார் ஆறரை கிராம். சிலவற்றில் மெல்லிய தகடுகளைக் கழற்றி மாற்றலாம். மழுங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டவுடன் விரியும் அலகுகளும் உண்டு. அவற்றிலும் பெரும்பாலும் தகட்டை மாற்றுவதே வழக்கம். வீட்டில் தீட்டத் தோதானவை தடித்த எஃகாலான நிலையான அலகுகள். இரண்டு தகடு, மூன்று தகடு என்று இவை வரும். அமெரிக்க வில்வேட்டைக்காரர் பிரெட் பேர் 1956-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேசர்ஹெட் என்ற அலகில், பெரிய இரு தகடுகளுக்குக் குறுக்கே சிறு தகடு ஒன்றையும் செருகலாம்.

தேவையான கருவிகள்

நீண்ட, தட்டையான அரம் ஒன்று. சொரசொரப்பாகவும் நைசாகவும் இரண்டு தீட்டுக்கற்கள், அல்லது வைரப்பொடி பதித்த தட்டுகள். மெருகுப் பசை தடவிய தோல்வார். ஒரு மார்க்கர் பேனா. இவை போதும். மின்சாரச் சாணைச் சக்கரத்தைத் தொடாமலிருப்பது நல்லது. மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிவிடும். எஃகில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

அலகை வெறுங்கையால் பிடிக்கவே கூடாது. பழைய அம்புத் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அதன் நுனியில் அலகைத் திருகிக்கொண்டால் நல்ல கைப்பிடி கிடைக்கும். திருகவும் கழற்றவும் அதற்கென்றே உள்ள சிறு சாவியைப் பயன்படுத்த வேண்டும். தீட்டும்போது மட்டுமல்ல, திருகும்போதும் விரல் வெட்டுப்படலாம்.

இரண்டு தகட்டு அலகு

முதலில் கோணம். விளிம்பின் ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 25 பாகைச் சரிவு பொதுவானது. அதைவிடக் குறைத்தால் கூர் மிகும், ஆனால் எலும்பில் பட்டதும் மடங்கும். ஏற்கெனவே உள்ள சரிவை அப்படியே பின்பற்றுவது எளிது. சரிவு முழுக்க மார்க்கரால் மை பூசிவிட்டு அரத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். விளிம்பு ஓரத்தில் மட்டும் மை அழிந்தால் கோணம் அதிகம். உட்பக்கம் மட்டும் அழிந்தால் குறைவு. சரிவு முழுக்க அழிந்தால் சரி.

அரம் ஒரு திசையில்தான் வெட்டும். தள்ளும்போது அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். பற்களில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் அடைக்காது. ஒரே பக்கத்தில் தேய்த்துக்கொண்டே போனால் சற்று நேரத்தில் மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். கட்டை விரலை விளிம்பின் குறுக்காக, உள்ளிருந்து வெளியே நகர்த்தினால் அது நகத்தில் கம்பிபோல் தட்டும். விளிம்பு நீளவாக்கில் விரலை ஓட்டினால் ரத்தம்தான் வரும். அடி முதல் நுனி வரை பிசிறு எழுந்தபின்தான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். எங்கே பிசிறு இல்லையோ அங்கே கூர் இன்னும் எட்டவில்லை.

பிறகு சொரசொரப்பான கல், அடுத்து நைசான கல். தண்ணீர்க் கல்லுக்குத் தண்ணீர், எண்ணெய்க் கல்லுக்கு எண்ணெய். ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும். கடைசியில் அலகின் சொந்த எடையே போதும். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுப்பது அவசியம். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்த அலகு காற்றில் சாய்ந்து அம்பைத் திசைதிருப்பும்.

நுனியை ஊசிபோல் விடாமல் கல்லில் மிக லேசாகத் தட்டி, சிறு உளிவாய்போல ஆக்குபவர்களும் உண்டு. ஊசி நுனி எலும்பில் சுருண்டுகொள்ளும் என்பது காரணம்.

மூன்று தகட்டு அலகு

இதில் கோணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். மூன்று தகடுகளும் ஒன்றுக்கொன்று 120 பாகையில் இருப்பதால், அலகைக் கல்லில் படுக்கவைத்தால் இரண்டு தகடுகள் 30 பாகையில் தாமாகவே கல்லைத் தொடும். அப்படியே தள்ளி, எண்ணிக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு திருப்பி, மறுபடியும் தள்ள வேண்டும். மூன்று முறை திருப்பியதும் எல்லா விளிம்புகளும் இரு பக்கமும் தீட்டப்பட்டிருக்கும். நான்கு தகட்டு அலகை இப்படிப் படுக்கவைத்தால் 45 பாகை விழும், அது மொண்ணை. அதன் தகடுகளைத் தனித்தனியாகத்தான் தீட்ட முடியும்.

தோல்வாரும் சோதனையும்

கல் வேலை முடிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காவிட்டால் விரலில் கூர்போலத் தோன்றும். முதல் தொடுதலிலேயே மடிந்துவிடும். பழைய சலூன்களில் சவரக் கத்தியைத் தோல்வாரில் இழுப்பதுபோல, விளிம்பு பின்னால் வரும்படி பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து முறை இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் வார் அறுபடும்.

விளக்கு வெளிச்சத்தில் விளிம்பை நேராகப் பார்த்தால், மழுங்கிய இடம் வெள்ளை நூல்போல் மினுங்கும். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. அடுத்தது ரப்பர் பேண்ட் சோதனை. சிறு பெட்டியின் வாயில் ரப்பர் பேண்டுகளை அதிகம் இழுக்காமல் மாட்டி, அலகை அவற்றின்மேல் மெதுவாக நகர்த்த வேண்டும். தொட்டதும் அறுந்தால் சரி. வளைந்து விலகினால் மீண்டும் கல்லுக்குப் போக வேண்டும். ரத்தக் குழாய் எப்படி நடந்துகொள்ளுமோ ஏறக்குறைய அப்படித்தான் ரப்பர் பேண்டும் நடந்துகொள்கிறது.

பிறகு அலகை அம்பில் பொருத்தி, அம்பைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நுனி தள்ளாடினால் அலகு நேராக உட்காரவில்லை.

பாதுகாப்பு

கார்பன் எஃகு ஓரிரவின் ஈரத்திலேயே துருப்பிடிக்கும். துரு முதலில் தின்பது மெல்லிய விளிம்பைத்தான். எண்ணெயோ வாசலினோ ஒரு பூச்சுப் பூசி வைக்க வேண்டும். தீட்டிய அலகைப் பயிற்சி இலக்கில் எய்தால் அன்றே கூர் போகும். பயிற்சிக்குத் தனி அலகு வேண்டும். அம்புக்கூட்டின் நுரைத் திணிப்பில் செருகி எடுப்பதும் சிறிது சிறிதாக மழுங்கடிக்கும். அதனால் எய்யப்படாமலே காட்டிலிருந்து திரும்பிய அம்புக்கும் அன்று மாலை தோல்வாரில் நாலு இழுப்புத் தேவைப்படும்.