தேனீப் பெட்டிக்கு இடம் தெரிதல்: ஆகாயப் படமும் கணனியும்

தேனீ வளர்ப்பில் இலாபமும் நட்டமும் பெட்டி வைக்கும் இடத்தைப் பொறுத்தவை. பூவற்ற இடத்தில் வைக்கப்பட்ட தேனீக் கூட்டம், தான் சேமித்த தேனையே உண்டு மெலியும்.

ஐரோப்பியத் தேனீ பெரும்பாலும் பெட்டியைச் சுற்றி 3 கிலோமீற்றருக்குள் இரை தேடும். அவ்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,800 எக்டர். அவ்வளவையும் ஒருவர் நடந்து பார்த்தல் எளிதன்று. இவ்வேலைக்கு இக்காலத்தில் ஆகாயப் படங்கள் உதவுகின்றன. நியூசிலாந்து இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

மானுக்காவும் கானுக்காவும்

அந்நாட்டின் மானுக்காத் தேன் உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெறுவது. 2018 ஆம் ஆண்டு முதல், நான்கு இரசாயனப் பொருள்களும் ஒரு மரபணு அடையாளமும் பரிசோதனையிற் காணப்பட்டாலன்றி, அத்தேனை மானுக்கா என்னும் பெயரில் ஏற்றுமதி செய்தல் இயலாது.

ஆனால் அதே குன்றுகளில் கானுக்கா என்னும் மரமும் வளர்கின்றது. இரண்டும் வெண்ணிறப் பூ உடையவை. மானுக்காவின் இலை கையைக் குத்தும். கானுக்காவின் இலை மென்மையானது. தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. எலிகொப்டரில் மலைக்கு ஏற்றிய பெட்டிகள் கானுக்காவின் நடுவே அமையின், செலவுக்கேற்ற விலை கிடையாது.

கணனி கற்கும் முறை

1. விமானத்திலிருந்து படங்கள் எடுக்கப்படும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் பதிவு செய்யப்படும். செடிகள் இனத்துக்கு இனம் இவ்வொளியை வேறுபட்ட அளவில் திருப்பி அனுப்பும்.

2. அறிந்தோர் சில இடங்களுக்கு நேரிற் சென்று, செடிகளின் இனத்தைப் படத்திற் குறிப்பர்.

3. அவற்றின் நிறத்தையும் உருவத்தையும் கணனி ஒப்பிட்டுக் கற்று, ஏனைய இடங்களை இனம் பிரிக்கும். இதுவே இயந்திரக் கற்றல்.

4. கணனியின் முடிவு வேறு சில இடங்களில் நேரிற் சரிபார்க்கப்படும்.

2015 ஆம் ஆண்டு முதல் அனுப்பப்பட்ட சென்டினல்-2 செய்மதிகளின் படங்களில் மிக நுண்ணிய புள்ளியும் 10 மீற்றர் அகலமுடையது. பரந்த காட்டைக் காண அது போதும். தனிச் செடியைக் காண விமானப் படமே வேண்டும்.

படம் காட்டாதவை

படம் செடியைக் காட்டும்; பூவில் ஊறும் தேனை அளந்து காட்டாது. மழையிலும் குளிரிலும் தேனீ வெளியே செல்லாது. மேலும், 2019 ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருந்தன. நல்ல இடமாயினும் பலர் நெருக்கி வைப்பின் எவருக்கும் தேன் மிஞ்சாது.

நம் கமக்காரர் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டுத் தேனீ குறைந்த தூரமே செல்லும். ஆகவே தோட்டத்தைச் சூழப் பூக்கும் மரங்களையும் அவை பூக்கும் மாதங்களையும் ஒரு தாளிற் குறித்து வைத்தல் நன்று. பூசணியும் கெக்கரியும் காய்ப்பதற்குத் தேனீ இன்றியமையாதது. நெல்லுக்குத் தேனீ வேண்டியதில்லை. எனினும் வயலில் தெளிக்கும் நஞ்சு வரப்புப் பூக்களிற் படிந்து தேனீயைக் கொல்லும். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பும். எனவே மருந்து தெளித்தல் அவசியமாயின், தேனீ பெட்டிக்குத் திரும்பிய பின் மாலையிலேயே தெளிக்க. அயலில் பெட்டி வைத்திருப்போர்க்கு அதனை முன்னரே அறிவிக்க.